குணத்தின் பெயரில் ஒரு மெக்சிக்கோக்காரன்

லண்டனில் புல்லுக்கும் நோகும் என்பதை வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இல்ஃபோர்டில் ஒரே அறையில் ஐந்து பேராகப் படுத்தெழும்பிய உடம்பு உளைய உளைய, சப்பாத்தைப் பையில் திணித்துக்கொண்டு பார்க்கிங் என்கிற பக்கத்து ஊர்ப் பூங்காவுக்கு நடந்து போனேன். அங்கே கவுன்சிலின் மைதானக் காவலர், முழங்கால் வரைக்கும் இறப்பர் பூட்ஸ் போட்ட மனிதர், குதிக்காலால் நிலத்தை ஒருமுறை அமத்திப் பார்த்தார். தண்ணீர் கசிந்தது. உடனே, இன்று விளையாட்டில்லை என்ற பலகையைக் கோல்கம்பத்தில் மாட்டிவிட்டார். ஏன் என்று கேட்டேன். புல் பாவம் என்ற கருத்தில் ஏதோ சொன்னார். பகிடி விடுகிறார் என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார். வருடம் முழுக்க மழை பெய்யும் நாட்டில் மழைக்காக விளையாட்டை நிறுத்தினால் பிறகு எப்போதடா விளையாடப் போகிறீர்கள் என்று தமிழில் ஏசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்களூர் மைதானத்தை மழை ஒருநாளும் நிறுத்தியதில்லை. மாரியில் கணுக்கால் புதையும் சேற்றில் நின்று பந்தடித்திருக்கிறோம். அதை நிறுத்தியது ஆமி. எண்பதுகளின் நடுப்பகுதி. பின்னேரம் ஐந்து மணி இருக்கும், பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வேலிப் பக்கமாக இரண்டு ட்ரக்குகள் வந்து நின்றன. எனக்குப் பக்கத்தில் நின்றவன் குணநாயகம். ஊருக்கு அவன் குணம். எங்கள் கழகத்தின் முன்னணி ஆட்டக்காரன், பாலர் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். "ஓடாதை மச்சான், ஓடினால் சுடுவாங்கள்" என்று அவன்தான் சொன்னான். நான் ஓடினேன். மரவள்ளித் தோட்டத்துக்குள் குப்புற விழுந்து கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். ஓடாமல் நின்றவனைத்தான் பிடித்தார்கள். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். விழுந்ததும் நான்கு பேர் சுற்றி நின்று சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். பந்தை உதைக்கிறவன்கூட ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் நடுவில் மூச்சு வாங்குவான், இவர்கள் வாங்கவில்லை. பிறகு காலில் பிடித்து இழுத்துப்போய் ட்ரக்குக்குள் எறிந்தார்கள்.

அதற்குப் பிறகு குணத்தைக் கண்டவர் ஒருவருமில்லை. அவனுடைய தாய் மனோன்மணி மாமி முகாம் முகாமாக அலைந்தார். எல்லா வாசலிலும், அப்படி ஒருத்தன் இங்கே இல்லை என்பதே பதில். சவமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. நான் அடுத்த வருடமே லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு ஓடத் தொடங்கியவன் இங்கே வந்துதான் நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே வந்து முதலில் கட்டியது கோயிலில்லை. ஊரின் விளையாட்டுக் கழகத்தைத்தான் கட்டினோம். கோடை வந்தால் தமிழ்க் கழகங்களுக்குள் ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். ஊர்க் கழகத்துக்கு ஊரவன்தான் விளையாடலாம், அதுதான் அதன் பெரிய விதி. தாயோ தகப்பனோ அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலில் ஊரின் இரண்டு பெரியவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களுக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் இருந்தது ஓர் ஒழுங்கை, ஒரு மாட்டுவண்டி போகிற சந்து, அது மட்டும்தான். ஆனால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் பிறந்தவனைச் சேர்த்தால் மண்டை உடையும். விமான நிலையத்தில் என்னைத் துருவிய அதிகாரிகூட இவ்வளவு துருவவில்லை. "உன்ரை கொப்பன் ஆர்? எந்த வளவு? எந்தக் கிணத்திலை தண்ணி அள்ளினனீங்கள்?" என்று கேட்பார்கள். நாட்டைவிட்டு ஓடி வந்தவர்கள் ஒழுங்கையைச் சுருட்டிக் கையோடு கொண்டு வந்திருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடு லண்டனில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவினேன். என்னோடு கழுவியவன் ரமோன், மெக்சிக்கோக்காரன். உயரம், நிறம், மயிர் எல்லாம் என்னைப் போலத்தான். தலைமைச் சமையல்காரனுக்கு எங்கள் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. என்னைக் கூப்பிட்டால் அவன் போவான், அவனைக் கூப்பிட்டால் நான் போவேன், ஏச்சு விழுந்தால் இருவருக்கும் பொது. அவனுடைய விசா எப்போதோ முடிந்திருந்தது. இருவருடைய இங்கிலீசும் நொண்டிதான், ஆனால் இரண்டு நொண்டிகளும் சேர்ந்து நடக்கப் பழகிவிட்டோம். வெள்ளைக்காரனோடு பேசினால் எனக்குத் தொண்டை அடைக்கும். இவனோடு பேசினால் அடைக்காது. பேசியதெல்லாம் பந்தடிதான்.

அவனுடைய ஊர் கரும்பாலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டணம். ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஓர் இங்கிலீஷ்காரன் பெட்டியில் ஒரு பந்தும் கொண்டு வந்தானாம். எங்களுக்குக் கொண்டு வந்தது ஒரு பாதிரியார். "பந்தைத் தந்துவிட்டு எங்களைக் கோப்பை கழுவ எடுத்துவிட்டான்" என்று ரமோன் சொல்ல, இருவரும் சவர்க்கார நுரைக்குள் கையை விட்டபடி சிரித்தோம். ஆலைத் தொழிலாளர் சேர்ந்து கழகம் தொடங்கினார்கள். ஆற்றுக்கு அக்கரை ஊரோடு முதல் ஆட்டம். அது முடியவில்லை, கோல்கம்பங்களைப் பிடுங்கி ஒருவரையொருவர் அடித்துவிட்டுக் கம்பங்களை ஆற்றில் எறிந்தார்கள். இன்னோர் ஆட்டத்தில் கோல்காப்பாளனைக் கரும்பு வெட்டும் கத்தியால் வெட்டினார்கள். மூன்று விரல் போனது. அந்த மனிதன் மிச்சம் ஏழு விரலோடு பல வருடம் கோல் காத்தானாம். ஒரு மத்தியஸ்தரைக் கொதிகலன் அறைக்குள் பூட்டி வைத்து, கொடுத்த பெனால்டியைத் திருப்பி எடுக்க வைத்தார்களாம். எனக்குக் கேட்கக் கேட்க எங்களூர்க் கதை மாதிரியே இருந்தது.

பிறகு ஆலையில் வேலைநிறுத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவே முதலாளியின் ஆட்கள் குதிரையில் வந்தார்கள். வேலைநிறுத்தத்தை நடத்தியவர்கள் நான்கு பேர், நால்வரும் கழக ஆட்டக்காரர். அவர்களைப் பிடித்துக் கோல்கம்பத்தோடு நிறுத்தி, பெண்சாதி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கச் சுட்டார்கள். இதைச் சொல்லும்போது ரமோன் கோப்பை கழுவுவதை நிறுத்திவிடுவான். சுடப்பட்டவர்களில் ஒருவர் அவனுடைய மாமன். கழகம் கொஞ்சக் காலம் செத்துக் கிடந்தது. மறுபடி தொடங்கியபோது ஒரு வழக்கம் வந்தது. அந்த நால்வரின் இடங்களில் விளையாட வருகிறவன் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுச் செத்தவனின் பெயரில்தான் இறங்க வேண்டும். பட்டியலில் அந்தப் பெயர்தான், பார்க்கிற சனம் கூப்பிடுவதும் அந்தப் பெயர்தான். ரமோன் எட்டு வருடம் தன் மாமனின் பெயரில் விளையாடியிருக்கிறான். "ஊரில் அம்மா மட்டும்தான் என்னை ரமோன் என்று கூப்பிட்டாள்" என்றான்.

ஆழம் பார்க்காமல் காலை விடுகிற புத்தி எனக்கு. இதைக் கேட்டவுடன் தலைக்குள் ஒரு மின்குமிழ் எரிந்தது. அந்த வருடம் எங்கள் கழகம் இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது, எதிரணி அந்த ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து ஊர். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் காலை முறித்துக்கொண்டு கிடந்தான். கழகத்தை நடத்திய செல்வண்ணை, பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறவர், தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் ரமோனைப் பற்றிச் சொன்னேன்.

"விசரே உனக்கு? ஊரவன் வேணுமடா!"

"அண்ணை, பட்டியலிலை குணத்தின்ரை பேரைப் போடுவம். அவன் ஊரவன்தானே. கையெழுத்து வைக்கிற ஆக்களுக்குக் குணத்தின்ரை தகப்பனைத் தெரியும்."

செல்வண்ணை பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். "உவன் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு" என்றார் கடைசியில்.

"ஊமை எண்டு சொல்லுவம். ஆமி அடிச்சதிலை பேச்சுப் போச்சு எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்."

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. வெற்றிக்கோப்பை வேண்டும், அந்த ஒழுங்கைக்காரரின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ரமோன் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டான். "உன் நண்பனை எங்கே புதைத்தார்கள்?"

புதைக்கவில்லை, கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டினான். "அப்படியானால் எடுக்க மாட்டேன். புதைத்தவனின் பெயரைத்தான் எடுக்கலாம். மற்றவன் திரும்பி வந்தால் அவன் பெயர் அவனுக்கு வேண்டுமே."

எனக்கு ஆத்திரம் வந்தது. மெக்சிக்கோவிலிருந்து வந்தவன் எனக்குச் செத்தவீட்டு முறை சொல்லித் தருவதா? "செத்துவிட்டான்" என்றேன். "எனக்குத் தெரியும். கண்ணால் கண்டேன்." ஏழு வருடமாக மாமிக்கோ செல்வண்ணைக்கோ, ஏன் எனக்கே எனக்குக்கூட நான் சொல்லாத சொல்லை, ஒரு பந்தடிக்காகக் கோப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். ரமோன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சரி என்றான்.

அன்றைய ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். முதல் பாதியிலேயே ரமோன் இரண்டு கோல் அடித்தான். எங்களூர்ச் சனம் "குணம்! குணம்!" என்று கத்தியது. அவனை அறியாதவர்கள்தான் முதலில் கத்தினார்கள், பிறகு அறிந்தவர்களும் கத்தினார்கள். நானும் கத்தினேன். இரண்டாவது பாதியில் எதிரணியின் பின்காவல்காரன் ரமோனின் முழங்காலில் சப்பாத்து முள்ளால் மிதித்தான். ஊமை எழுந்து நின்று, தன் பாஷையில், அவனுடைய தாயைப் பற்றி உரத்த குரலில் ஏதோ சொன்னான். பாஷை தெரியாவிட்டாலும் தாயைப் பற்றிச் சொன்னால் எவனுக்கும் விளங்கும்.

"எடேய், உவன் ஊமையில்லை! தமிழனுமில்லையடா!"

அதற்குப் பிறகு பந்தை ஒருவரும் பார்க்கவில்லை. மூலைக் கொடிக்கம்புகளைப் பிடுங்கினார்கள். கார்களின் பின்பெட்டிகள் திறந்தன. பொல்லும் இரும்புக் கம்பியும் வந்தன. ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு நின்ற பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் விரலில் ஒன்றை ஒருவன் கடித்தே முறித்தான். நானும் சும்மா நிற்கவில்லை. விழுந்து கிடந்த ஒருவனின் விலாவில் உதைத்தேன், திரும்பவும் உதைத்தேன், மூச்சு வாங்காமல் உதைத்தேன். அவன் முகத்தைத் திருப்பியபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தினேன். அதற்குள் ரமோனைக் கம்பியால் தலையில் அடித்துவிட்டார்கள். புல்லில் இரத்தம் பரவியது. நாய்களோடு பொலிஸ் வந்தது. ஓர் இளம் பொலிஸ்காரன் என்னைப் பிடித்து, எதற்காக இந்தச் சண்டை என்று கேட்டான். அவன் வேற்றூர்க்காரன் என்றேன். எங்களெல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "யார்?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் தாதி பெயர் கேட்டாள். ரமோன் நினைவிழந்து கிடந்தான். விசா இல்லாதவன், உண்மைப் பெயரைக் கொடுத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். கையில் ஆட்டக்காரர் பட்டியல் இருந்தது. குணநாயகம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே கிழமைக்குள் அவனை நானே கொன்று நானே உயிராக்கியும் விட்டேன். தலையில் பதினாறு தையல். பிழைத்துக்கொண்டான். கட்டிலின் தலைமாட்டில் குணத்தின் பெயர் எழுதிய மட்டை தொங்கியது. பார்க்க வந்த தமிழர் ஒவ்வொருவரும் அதை வாசித்துவிட்டுப் போனார்கள்.

செய்திக்குக் கால் முளைக்க எத்தனை நாள் வேண்டும்? மெக்சிக்கோக்காரன் என்ற பகுதி வழியில் உதிர்ந்துவிட்டது. "குணம் லண்டனிலை இருக்கிறானாம், பந்தடியிலை மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரியிலையாம்" என்ற பகுதி மட்டும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போகிற ஒருவரின் வாயில் ஏறிக் கடலேரியைக் கடந்தது. அந்தக் காலத்தில் ஊரில் தொலைபேசி இல்லை. மகனோடு பேச வேண்டுமென்றால் கொழும்புக்கு வர வேண்டும். கொழும்புக்கு வருவதென்றால் இரவில் வள்ளத்தில் கடலேரியைக் கடக்க வேண்டும். நேவி கண்டால் சுடும். மனோன்மணி மாமி வந்தார். பக்கத்து வள்ளத்தில் சூடு பட்டு ஆட்கள் செத்ததைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்று, செல்வண்ணை வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் எடுத்தார். செல்வண்ணை ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார். தலைக்கட்டோடு ரமோன் எனக்கு முன்னால் கதிரையில் இருந்தான்.

"தம்பி, அவனுக்கு எத்தினை தையல்? கூப்பிடு அவனை. என்னோடை கோபமெண்டாலும் பரவாயில்லை, நான் ஏச மாட்டன்."

"மாமி, அது குணமில்லை."

"அவன் சொல்லித் தந்து கதைக்கிறியோ?"

"இல்லை மாமி. அவன்ரை பேரிலை வேறை ஒருத்தன் விளையாடினவன். நாங்கள்தான் பேரைக் குடுத்தது. என்ரை பிழை."

அவர் நம்பவில்லை. பொய் சொல்லாதே என்று கெஞ்சினார். பிறகு குரலை இறக்கி ஒன்று கேட்டார். "ரெண்டு கோல் அடிச்சவனாம். எந்தக் காலாலை அடிச்சவன்?"

குணத்துக்கு வலது கால் ஊன்றத்தான். அடிப்பதெல்லாம் இடது காலால். அது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். இடது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனுசி சந்தோசமாகச் சாகும். ரமோனைப் பார்த்தேன். அவன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தான்.

"வலது காலாலை, மாமி."

மாமி வெடித்தார். "அறுவானே! என்ரை பிள்ளையின்ரை பேரை வைச்சுப் பந்தடிச்சனியோ? நீ நாசமாய்ப் போவாய்! ஓடின நீ இருக்கிறாய், நிண்ட அவன் இல்லை. உன்னைக் கொண்டு போயிருக்கக் கூடாதோ அவங்கள்!" அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. திடீரென்று ஏச்சு நின்றது. குரல் பதறியது. "ஐயோ, நான் கதவைப் பூட்டிப்போட்டெல்லே வந்திட்டன். இவ்வளவு நாளும் பூட்டேல்லை. அவன் வந்து பாத்தால் என்ன நினைப்பான்? நான் போறன், நான் போறன்." தொடர்பு அறுந்தது.

யார் என்று ரமோன் கேட்டான். குணத்தின் தாய் என்றேன். எதற்காக அழுதாள் என்று கேட்டான். அவனைப் புதைக்கவில்லை, செத்தானா என்று எனக்குத் தெரியாது, உனக்குப் பொய் சொன்னேன் என்றேன். அவன் எழுந்து வந்து என் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று விழுந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. கோப்பைத் தொட்டியில் அதற்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், பேசவில்லை. சில மாதங்களில் அவன் ஊருக்குப் போய்விட்டான்.

மாமி திரும்பவும் கடலேரியைக் கடந்து வீடு போய்ச் சேர்ந்தார் என்று அறிந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஷெல்லடி தாங்காமல் ஊரே எழும்பி ஓடியது. மாமி மட்டும் வரவில்லையாம். இழுத்துப் பார்த்தவர்களிடம், "ஒருக்காப் பூட்டிப்போட்டுப் போனதே போதும்" என்றாராம். மாதங்கள் கழித்துத் திரும்பிப் போனவர்கள் சொன்னார்கள், கூரை இல்லை, ஒரு பக்கச் சுவர் இல்லை, கதவு மட்டும் நிலையோடு நின்றது, அகலத் திறந்தபடி. மாமியை ஒருவரும் காணவில்லை. இப்போது அவரும் ஒரு பட்டியலில் இருக்கிறார், மகனின் பெயருக்கு அடுத்ததாக.

எனக்கு இன்றைக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது, இல்ஃபோர்டில் வீடு இருக்கிறது, கதவில் இரண்டு பூட்டு. குடும்பமாக வெளியே புறப்பட்டால் மனைவிதான் பூட்டுவாள். தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று எல்லா மனிதரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். ஐயோ, பூட்டிவிட்டோமே என்று நான் திரும்பிப் பார்க்கிறேன்.